'ஜெய் பீம்' முதல் 'பாட்டில் ராதா' வரை... கல்வராயன் மலையிலிருந்து பார்த்தால் எது அசத்தல், எது ஏமாற்றம்?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி மேலே ஏறினால் கல்வராயன் மலை. கோடை விடுமுறைக்கு வருபவர்களுக்கு அது பெரியார் நீர்வீழ்ச்சி, மேகம் நீர்வீழ்ச்சி, கரியாலூர் படகு சவாரி. டிவியில் செய்தி பார்ப்பவர்களுக்கோ அது வேறு மலை. 'சாராய ஊறல் அழிப்பு', 'செம்மரம் வெட்டப்போனவர்கள் கைது' என்று கீழே ஓடும் எழுத்துகளில் மட்டும் வந்துபோகும் மலை.

சரி, சினிமாவில்?

கடந்த சில ஆண்டுகளில் மலை, காடு, பழங்குடி மக்கள், போலீஸ், சாராயம் எனக் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு நன்கு பழக்கமான விஷயங்களை வைத்து வரிசையாகப் படங்கள் வந்துவிட்டன. சில படங்கள் வசூலை அள்ளின. சில படங்கள் விருதுகளோடு நின்றன. சில, டீசரில் காட்டிய பிரமாண்டத்தோடு சரி. விமர்சகர்கள் ஸ்டார் போட்டு முடித்துவிட்டார்கள். ஆனால், டிக்கெட்டுக்குக் காசு கொடுத்த சாதாரண ரசிகர் ஒருவர், இந்த மலையடிவாரத்தில் உட்கார்ந்து இந்தப் படங்களைப் பார்த்தால் என்ன சொல்வார்?

அளந்து பார்க்க ஒரு சின்னக் கேள்வி போதும். படத்தில் வரும் மலை மனிதருக்குப் பெயர் இருக்கிறதா? கதாநாயகன் வந்து காப்பாற்றுவதற்கு முன்னால் அவருக்கென்று ஒரு வீடு, ஒரு பேச்சு, ஒரு பிடிவாதம் இருக்கிறதா? இதைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியலுக்குள் போகலாம்.

முதலில் மலையைப் பற்றிக் கொஞ்சம்

கல்வராயன் மலையில் வாழும் பெரும்பாலானோர் 'மலையாளி' என்ற பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ். காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது இவர்களிடம் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அரசின் பட்டியல் பழங்குடியினர் வரிசையில் சேலம், தருமபுரி, வட ஆற்காடு, தென்னாற்காடு போன்ற மாவட்டங்களைக் குறிப்பிட்டு இந்தப் பெயர் இருக்கிறது. சாமை, தினை, மரவள்ளி பயிரிடுவதும் கடுக்காய் சேகரிப்பதும் இங்கே நெடுநாளைய பிழைப்பு.

இந்த மலைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. நாடு 1947-ல் விடுதலை பெற்றபோதும் இங்கே ஜாகிர்தார்களின் ஆட்சி போகவில்லை. 1976-ல், அவசரநிலைக் காலத்தில்தான் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து ஒரு வழக்கை எடுத்து, இந்த மக்களுக்குச் சாலை, மருத்துவம், பள்ளி எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்று அரசிடம் கேட்டது.

இலை தழை கட்டி, இறகு செருகி, புரியாத பாஷையில் கத்திக்கொண்டு ஓடிவரும் கூட்டம்தான் பழங்குடி என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தது தமிழ் சினிமா. லுங்கியும் புடவையும் கட்டி, ரேஷன் கடை வரிசையில் நிற்கும் இவர்களை அந்தப் படங்களோடு எப்படிப் பொருத்துவது?

ஜெய் பீம்: பழைய மாவட்டத்துக் கதை

2021 நவம்பர் 2-ம் தேதி அமேசான் ப்ரைமில் நேரடியாக வெளியானது த.செ.ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்'. கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இது வேறெங்கோ நடந்த கதை கிடையாது. 1993-ல் விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்தில் நடந்த சம்பவத்தை ஒட்டி எடுக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் கடைசி வரை முதனையும் கள்ளக்குறிச்சியும் ஒரே தென்னாற்காடு மாவட்டத்தில்தான் இருந்தன. அதன்பிறகு கள்ளக்குறிச்சி விழுப்புரத்தோடு போனது. 2019 நவம்பரில்தான் தனி மாவட்டம் ஆனது.

திருட்டு வழக்கில் பிடித்துச் செல்லப்பட்ட ராஜாக்கண்ணு காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். 'தப்பி ஓடிவிட்டார்' என்றது போலீஸ். அவருடைய மனைவி விடாமல் போராட, பின்னாளில் நீதிபதியான வழக்கறிஞர் சந்துரு ஆட்கொணர்வு மனு போட்டார். கடைசியில் காவலர்கள் தண்டிக்கப்பட்டார்கள். நிஜத்தில் ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். படத்தில் அவரை இருளராக மாற்றியிருந்தார்கள். அந்த மாற்றம் சரியா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. நியாயமான கேள்விதான்.

இருந்தாலும் படம் ஏன் மனதில் நின்றது? சூர்யாவின் நீதிமன்ற வாதங்கள் ஒரு காரணம். ஆனால், அதற்கு முன்பே படம் நம்மைப் பிடித்துவிடுகிறது. ராஜாக்கண்ணுவும் செங்கேணியும் வயலில் எலி பிடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், ஒரு நல்ல வீடு கட்டவேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள். பெரிய வீட்டில் பாம்பு பிடிக்கப் போகும் ராஜாக்கண்ணு அங்கே எப்படி நடத்தப்படுகிறார் என்று காட்டுகிறார்கள். சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், கொடுக்க வேண்டியவரே 'ஆதாரம் எங்கே' என்கிறார். அரை மணி நேரத்துக்குள் இவர்கள் நமக்குத் தெரிந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். அதனால்தான் அடுத்து விழும் ஒவ்வோர் அடியும் நமக்கே வலிக்கிறது.

சான்றிதழ் காட்சி மலைப்பகுதி ரசிகருக்கு இன்னும் நெருக்கமானது. பள்ளிக் கட்டணச் சலுகை, விடுதி, உதவித்தொகை, அரசு வேலை எல்லாமே அந்த ஒரு தாளில் இருக்கிறது. படத்தில் அது சில நிமிடக் காட்சி. வாழ்க்கையில் பிள்ளையின் படிப்பே நின்றுபோகிற விஷயம்.

லிஜோமோல் ஜோஸ் நடித்த செங்கேணி, காவல் நிலையத்திலிருந்து நடந்தே வீடு திரும்பும் காட்சி நினைவிருக்கிறதா? வண்டியில் ஏறச் சொல்லிக் கெஞ்சியபடி போலீஸ் ஜீப் பின்னாலேயே ஊர்ந்து வரும். அவர் ஏறமாட்டார். அந்த நேரத்தில் கதாநாயகன் பக்கத்தில் இல்லை. அந்த மிடுக்கு முழுக்க அவருடையது.

படம் வெளியான நேரத்தில், பழங்குடி இருளர் கல்வி அறக்கட்டளைக்கு 1 கோடி ரூபாய் கொடுத்தார் சூர்யா. அதே வாரத்தில் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் வழங்கினார் முதல்வர். சினிமா சட்டத்தை மாற்றாது. ஆனாலும், பல ஆண்டுகளாகப் பேசப்படாமல் கிடந்த விஷயத்தை வீட்டு வரவேற்பறையில் பேசவைத்தது.

தீர்ப்பு: அசத்தல். ஆனால், லாக்கப் காட்சிகள் கடுமையானவை. சின்னக் குழந்தைகளை உடன் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம்.

விடுதலை - 1: ஜீப்பில் ஏறிய மூதாட்டி

2023 மார்ச் 31-ம் தேதி திரைக்கு வந்தது வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகம். ஜெயமோகனின் 'துணைவன்' சிறுகதையிலிருந்து பிறந்த படம். காமெடியனாகவே பார்த்துப் பழகிய சூரி, குமரேசன் என்ற கடைநிலைக் காவலராக வந்து ஆச்சர்யப்படுத்தினார்.

படத்தின் தொடக்கத்தில் வரும் ரயில் விபத்துக் காட்சியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். மலையில் வாழ்பவருக்குப் பெரிதாகத் தெரிவது வேறு காட்சி. கரடி தாக்கி உயிருக்குப் போராடும் ஒரு பெண்மணியைக் குமரேசன் போலீஸ் ஜீப்பில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார். அனுமதி வாங்காமல் வண்டியை எடுத்ததற்காக மன்னிப்புக் கேள் என்கிறார் அதிகாரி. 'தப்பு செய்யவில்லையே' என்று நிற்கிறார் குமரேசன். அதற்காகப் படம் முழுக்க அவருக்குத் தண்டனை.

சாலை இல்லாத மலைக்கிராமத்தில் ஒரு வண்டி கிடைப்பதற்கு என்ன விலை என்று இந்தக் காட்சி சொல்லிவிடுகிறது. படம் வந்த இரண்டாவது மாதம், 2023 மே-யில், வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை இறந்துபோனது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியிலேயே நிற்க, உடலைத் தாய் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். தமிழ்நாடே அந்தச் செய்தியைப் பார்த்துக் கலங்கியது. 'விடுதலை' பார்த்திருந்தவர்களுக்கு அந்த ஜீப் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது.

படத்தின் பின்பகுதியில், தேடுதல் வேட்டை என்ற பெயரில் பெண்களை முகாமுக்கு இழுத்து வந்து கொடுமைப்படுத்தும் காட்சிகள் வருகின்றன. வாச்சாத்தியை நினைக்காமல் அவற்றைப் பார்க்க முடியாது. 1992 ஜூன் 20-ம் தேதி தருமபுரி மாவட்டம் அரூர் பக்கத்திலுள்ள அந்தக் கிராமத்துக்குள் வனத்துறையினரும் காவல் துறையினரும் வருவாய்த் துறையினரும் புகுந்தார்கள். காரணம், சந்தனமரக் கடத்தல் சோதனை. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வழக்கில் 269 பேர் குற்றம்சாட்டப்பட்டு, உயிரோடு இருந்த 215 பேருக்கும் 2011-ல் தண்டனை விதிக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 29-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வாச்சாத்தி மக்களும் மலையாளிப் பழங்குடியினர்தான். கல்வராயன் மலைக்காரர்களுக்கு உறவுமுறை.

பவானி ஸ்ரீ நடித்த தமிழரசிக்குப் பெயர் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, கோபம் இருக்கிறது. குமரேசனையே நம்பலாமா என்று அவர் தயங்குவதற்குக் காரணமும் இருக்கிறது.

தீர்ப்பு: அசத்தல். 'ஏ' சான்றிதழ் படம் என்பதால் பெரியவர்களுக்கு மட்டும்.

விடுதலை - 2: அந்த மக்கள் எங்கே போனார்கள்?

2024 டிசம்பர் 20-ம் தேதி இரண்டாம் பாகம். எதிர்பார்ப்பு மலையளவு. முதல் பாகத்தில் சில காட்சிகளில் மட்டும் வந்த பெருமாள் வாத்தியாரின் கதையை முழுதாகச் சொல்ல வந்தார் வெற்றிமாறன். விஜய் சேதுபதி, மஞ்சு வாரியர், கிஷோர் என்று நடிப்பில் யாரும் குறைவைக்கவில்லை. ஆலைத் தொழிலாளர் சங்கம் கட்டும் பகுதி, கரும்பும் ஆலையுமாக வாழும் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு அந்நியமாக இருக்காது.

பிறகு எங்கே சறுக்கல்? பேச்சில். முதல் பாகத்தில் ஒரு ஜீப் சொன்னதை இங்கே பத்து வசனங்கள் சொல்கின்றன. பெருமாள் நடந்துகொண்டே பேசுகிறார், உட்கார்ந்து பேசுகிறார், விலங்கு மாட்டியபடி பேசுகிறார். பேசுவதெல்லாம் உண்மை. ஆனால், ஒரு கட்டத்தில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் உணர்வு வந்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய குறை, யாருக்காக இந்தப் போராட்டமோ அந்த மலை மக்கள் திரையில் ஓரமாகப் போய்விட்டது. தமிழரசி என்ன ஆனார் என்று தெரிந்துகொள்ள ஆவலாக வந்தவருக்குப் பதில் மிகக் குறைவு. பாறைகளுக்கு நடுவே நடக்கும் இறுதித் துப்பாக்கிச் சண்டை மட்டும் பழைய வெற்றிமாறனைக் கண்முன் நிறுத்துகிறது.

தீர்ப்பு: முதல் பாகம் வைத்த அளவுகோலால் ஏமாற்றம். தனிப்படமாக வந்திருந்தால் இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

புஷ்பா: விசில் அடித்தோம்... அப்புறம்?

செம்மரம். இந்தச் சொல் கல்வராயன் மலைப் பகுதியில் எத்தனை வீடுகளில் அழுகையைக் கொண்டுவரும் என்பதை அல்லு அர்ஜுன் ரசிகர்கள் அறிந்திருக்க நியாயமில்லை.

சுகுமார் இயக்கிய 'புஷ்பா' முதல் பாகம் 2021 டிசம்பரிலும் இரண்டாம் பாகம் 2024 டிசம்பரிலும் வந்தன. தமிழில் டப் செய்யப்பட்டு இங்கேயும் சக்கைப்போடு போட்டன. தோளைச் சாய்த்து நடப்பது, தாடிக்குக் கீழே கையைத் தடவுவது என்று சின்னப் பையன்கள் வரை காப்பியடித்தார்கள். முதல் பாகத்துக்காக அல்லு அர்ஜுனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. அதே ஆண்டுக்கான பட்டியலில் 'ஜெய் பீம்' படத்துக்கு ஒரு விருதும் இல்லை என்று 2023 ஆகஸ்ட்டில் தமிழ் ரசிகர்கள் கொதித்ததும் நினைவிருக்கலாம்.

பொழுதுபோக்குக்குக் குறையே இல்லாத படம். கூலிக்கு மரம் வெட்டப் போகும் ஒருவன், சிண்டிகேட்டையே கைக்குள் கொண்டுவருவது விசிலடிக்க வைக்கும் கதைதான். ஆனால், அவன் கூட நின்று கோடரி பிடித்த மற்றவர்கள் யார்? அவர்களின் பெயர் என்ன? மூன்று மணி நேரத்துக்கும் அதிகமாக ஓடும் இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு வந்தாலும் ஒரு பெயரைச் சொல்வது கஷ்டம்.

செம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், பெரும்பாலும் ஆந்திராவின் சேஷாசலம் போன்ற காடுகளில். வெட்டப் போகிறவர்களில் நிறைய பேர் ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சித்தேரி பகுதிகளைச் சேர்ந்தவர்கள். மரம் ஏறி வெட்டும் பழக்கம், ஊரில் கிடைக்காத கூலி, புரோக்கர் கையில் திணிக்கும் முன்பணம் என்று காரணங்கள் வரிசையாக நிற்கும். 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் 20 பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டக்காரர்கள். தங்களோடு வந்தவர்களைப் பேருந்திலிருந்து இறக்கி அழைத்துச் சென்றார்கள் என்று உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள்.

இரண்டாம் பாகத்தில் ஒரு காட்சி. தன் ஆட்களைப் பிடித்து வைத்திருக்கும் காவல் நிலையத்துக்குப் போகும் புஷ்பா, அங்கிருக்கும் போலீஸ்காரர்கள் அத்தனை பேருக்கும் பணம் கொடுத்து வேலையை விட்டே அனுப்பிவிட்டு ஆட்களை மீட்டுக்கொண்டு வருவான். தியேட்டரே அதிரும். நிஜத்தில், கணவன் எந்த ஊர் ஜெயிலில் இருக்கிறான் என்றே தெரியாமல், பாஷை தெரியாத ஊரில் வக்கீல் தேடி அலையும் மனைவிக்கு அப்படி யாரும் வருவதில்லை. ஜாமீன் எடுக்க ஆளில்லாமல் மாதக்கணக்கில் உள்ளே கிடப்பவர்களின் வீட்டில் அந்தக் காட்சியை எப்படி ரசிப்பது?

தீர்ப்பு: மசாலாவாகப் பார்த்தால் முதல் பாகம் அசத்தல், இரண்டாம் பாகம் நீளம். மலையிலிருந்து பார்த்தால் இரண்டுமே பாதிக் கதை.

வேட்டையன், கங்குவா: அதே கைகள், வேறு ருசி

'ஜெய் பீம்' கொடுத்த ஞானவேல், 2024 அக்டோபர் 10-ம் தேதி ரஜினியோடு 'வேட்டையன்' கொண்டுவந்தார். என்கவுன்டர் சரியா தவறா என்று ரஜினி படத்திலேயே கேட்பது சாதாரண துணிச்சல் கிடையாது. குற்றம் செய்யாத இளைஞன் ஒருவன் சுட்டுக் கொல்லப்படுகிறான் என்பதும், சுட்டவர் கதாநாயகனே என்பதும் தமிழ் சினிமாவில் அடிக்கடி பார்க்கக் கிடைக்காதவை. ஃபகத் ஃபாசில் வரும் இடமெல்லாம் கலகலப்பு.

ஆனால், இடைவேளைக்குப் பிறகு கதை கோச்சிங் சென்டர் வில்லன் பக்கம் திரும்பிவிடுகிறது. செத்துப்போன இளைஞனின் குடும்பம் நினைவிலிருந்து நழுவுகிறது. ராஜாக்கண்ணு இறந்த பிறகும் கடைசிவரை படத்தில் இருந்தார். இங்கே அந்தப் பையன் இல்லை. பாதி அசத்தல், பாதி ஏமாற்றம்.

'ஜெய் பீம்' நாயகன் சூர்யாவுக்கு 2024 நவம்பர் 14-ம் தேதி வந்தது 'கங்குவா'. தீவுகள், குலங்கள், குலப்பகை, முதலைச் சண்டை என்று சிறுத்தை சிவா பெரிய உலகத்தைக் கட்டினார். உழைப்பு தெரிகிறது. ஆனால், எல்லோரும் எல்லா நேரமும் கத்திக்கொண்டே இருந்தார்கள். இரைச்சல் தாங்கவில்லை என்று ரசிகர்கள் புலம்பியது ஊரறிந்த விஷயம். குலங்களுக்கெல்லாம் பெயர் வைத்தார்கள். ஆனால், அந்தக் குலத்து மக்கள் காலையில் என்ன சாப்பிடுவார்கள், எதற்குச் சிரிப்பார்கள் என்று ஒரு காட்சிகூட மனதில் நிற்கவில்லை. எலி பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்த செங்கேணியையும் ராஜாக்கண்ணுவையும் நினைத்துக்கொண்டால் வித்தியாசம் புரியும். ஏமாற்றம்தான்.

பாட்டில் ராதா: கள்ளக்குறிச்சிக்கு வலிக்கும் படம்

2024 ஜூன். கள்ளக்குறிச்சி நகரத்திலேயே இருக்கும் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஒரே தெருவில் வரிசையாகப் பாடைகள் கிடந்த காட்சியை இந்த ஊர் மறக்காது. உயிரைக் குடித்தது மெத்தனால். ஆலைகளில் பயன்படும் வேதிப்பொருள் அது. மலையில் எந்தப் பானையிலும் காய்ச்சி எடுக்கிற சமாசாரம் கிடையாது. வழக்கு பின்னர் சி.பி.ஐ-க்குப் போனது. ஆனால், சம்பவத்துக்குப் பிறகு கல்வராயன் மலை என்றாலே சாராயம் என்ற பேச்சு இன்னும் பலமாகிவிட்டது.

அடுத்த ஏழாவது மாதம், 2025 ஜனவரி 24-ம் தேதி வந்தது 'பாட்டில் ராதா'. பா.இரஞ்சித்தின் நீலம் தயாரிப்பு. தினகரன் சிவலிங்கம் இயக்கம். டைல்ஸ் ஒட்டும் வேலை பார்க்கும் குடி அடிமை ராதாமணியாக குரு சோமசுந்தரம். கதை நடப்பது கள்ளக்குறிச்சியில் இல்லை. ஆனாலும் இங்கே பார்ப்பவருக்கு இது சொந்தக் கதை.

தமிழ்ப் படங்களில் டாஸ்மாக் என்றால் காமெடி. நண்பர்கள் கூடுவார்கள், காதல் தோல்வியைப் புலம்புவார்கள், ஒரு பாட்டு வரும். திரையின் ஓரத்தில் 'மது நாட்டுக்கு வீட்டுக்கு உயிருக்குக் கேடு' என்ற வரி மட்டும் கடமைக்கு ஓடும். 'பாட்டில் ராதா'வும் சிரிக்க வைக்கிறது. மறுவாழ்வு மையத்துக்குள் நடக்கும் ரகளைகள் கலகலப்பானவை. ஆனால், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி அஞ்சலத்தின் முகத்தைக் காட்டிவிடுகிறது. சஞ்சனா நடராஜன் அந்த வேடத்தில் சத்தமில்லாமல் கலக்கியிருக்கிறார். 'இந்த முறை நிஜமாவே விட்டுட்டான்' என்று நம்பி, மறுபடி ஏமாறும் பெண்ணின் முகம் அது.

குடிப்பவரைக் கெட்டவராகக் காட்டிக் கழுவி ஊற்றவில்லை என்பதுதான் இந்தப் படத்தின் பலம். அது நோய், அதற்குச் சிகிச்சை உண்டு, ஒரே மூச்சில் குணமாகாது, சறுக்கும், மறுபடி எழவேண்டும் என்று பொறுமையாகச் சொல்கிறது. இரண்டாம் பாதியில் இழுவை உண்டு. கத்தரித்திருக்கலாம்.

தீர்ப்பு: குறைகளோடும் அசத்தல். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் சேர்ந்து பார்க்கவேண்டிய படம். தியேட்டரில் இதற்குக் கிடைத்த கூட்டம் போதாது.

வாழை, லப்பர் பந்து: சின்னப் படம், பெரிய நிறைவு

மலையைச் சொல்லாவிட்டாலும் இந்தப் பட்டியலில் விடமுடியாத இரண்டு படங்கள்.

2024 ஆகஸ்ட் 23-ம் தேதி வந்த மாரி செல்வராஜின் 'வாழை'. பள்ளி விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கப் போகும் சிறுவனின் கதை. தாருக்கு ஒரு ரூபாய் கூலியை உயர்த்தக் கேட்பது கதையின் முக்கியமான முடிச்சு. லாரியில் தார்களுக்கு மேலேயே ஆட்களையும் ஏற்றி அனுப்புகிறார்கள். கரும்பு வெட்டவும் கட்டட வேலைக்கும் லோடு வண்டியில் நின்றுகொண்டு போகிறவர்களை அன்றாடம் பார்க்கும் ஊர்க்காரர்களுக்கு அந்த லாரி வெறும் லாரியாகத் தெரியாது. பசியோடு அந்தச் சிறுவன் சாப்பிட உட்காரும் கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டு உடனே எழுந்து வரமுடியாது.

அடுத்து, 2024 செப்டம்பர் 20-ம் தேதி வந்த தமிழரசன் பச்சமுத்துவின் 'லப்பர் பந்து'. கிராமத்து கிரிக்கெட்டில் மாமனார் - மருமகன் ஈகோ. கணவன் கிரிக்கெட்டே கதியென்று கிடப்பதைப் பொறுக்காமல், டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து மைதானத்தையே உழுதுவிடும் யசோதையாக ஸ்வாசிகா. அணிக்குள் யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்கக் கூடாது என்பதில் சாதி எப்படி நுழைகிறது என்பதையும் பிரசங்கம் இல்லாமல் சொல்லிவிட்டுப் போகிறது.

இந்தப் படத்தில் 'கெத்து' தினேஷ் வரும்போதெல்லாம் ஒலிக்கும் விஜயகாந்த் பாட்டுக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கூடுதலாக ஒரு கைதட்டல் உண்டு. 2011-ல் ரிஷிவந்தியம் தொகுதியில் ஜெயித்து எதிர்க்கட்சித் தலைவரானவர் விஜயகாந்த். 2016-ல் உளுந்தூர்பேட்டையில் நின்று தோற்றதும் இதே மாவட்டத்து மண்ணில்தான். 2023 டிசம்பர் 28-ம் தேதி அவர் மறைந்தபின் அவரைத் திரையில் இவ்வளவு பாசமாகக் கொண்டாடிய படம் இது.

அவருக்கு 'கேப்டன்' பட்டம் தந்த 'கேப்டன் பிரபாகரன்' 2025 ஆகஸ்ட்டில் மறுபடி திரைக்கு வந்தது. 1991-ல் வந்த காட்டுப் படம். சண்டைக் காட்சிகள் இன்றும் ஜோர். ஆனால், காட்டில் வாழும் மக்கள் அதில் பாட்டுக்கும் பரிதாபத்துக்கும் மட்டும் வந்துபோவார்கள். அங்கிருந்து செங்கேணி வரை வந்துசேர தமிழ் சினிமாவுக்கு 30 ஆண்டுகள் பிடித்தன.

அடுத்த படம் எங்கே?

இந்தப் பட்டியலை ஒருமுறை திருப்பிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அசத்திய படங்களில் பட்ஜெட் பெரியதும் உண்டு, சிறியதும் உண்டு. நட்சத்திரம் இருந்ததும் உண்டு, இல்லாததும் உண்டு. ஆனால், அவற்றில் ஏழை மனிதருக்குப் பெயர் இருந்தது. ராஜாக்கண்ணு, செங்கேணி, தமிழரசி, அஞ்சலம், யசோதை. ஏமாற்றிய படங்களிலிருந்து இப்படி ஒரு பெயரை யோசித்துச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். மலையிலிருந்து இறங்கி வந்து கள்ளக்குறிச்சியிலோ சேலத்திலோ விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண், தன் ஊர்ப் பெயரைச் சொன்னதும், 'ஓ, சாராயம் காய்ச்சுற ஊரா?' என்று கேட்கப்படும்போது அதற்கான பதில் கிடைக்கும். செய்தியும் சினிமாவும் சேர்ந்து அவள் தலையில் ஏற்றிவைத்த கேள்வி அது. நல்ல படம் ஒன்று வந்தால் அந்தக் கேள்வி கொஞ்சமாவது மாறும்.

கல்வராயன் மலையில் கேமரா வைக்கக் கதைக்குப் பஞ்சமே இல்லை. ஜாகிர் ஆட்சியில் பிறந்து, 1976-க்குப் பிறகு முதன்முதலாக அரசு அலுவலகப் படியேறிய தலைமுறை இன்னும் மலையில் இருக்கிறது. கடுக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து சந்தைக்கு இறங்கிய பெண்கள் இருக்கிறார்கள். ஆந்திர ஜெயிலிலிருந்து கணவன் திரும்பும் நாளுக்காகக் காத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. வெள்ளிமலையில் சிக்னல் கிடைக்கும் இடம் தேடிப் போய், கைப்பேசியில் படம் டவுன்லோட் செய்துகொண்டு வரும் பையன்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கையில் கேமரா கிடைத்து, அந்தப் படம் கள்ளக்குறிச்சி தியேட்டரில் ஓடினால், முதல் காட்சிக்கு மலையே இறங்கி வரும்.

அதுவரை, இந்த வாரம் எந்தப் படம் பார்த்தாலும் வீடு திரும்பும் வழியில் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுப்பாருங்கள். ஹீரோ, ஹீரோயின், வில்லனை விட்டுவிடுங்கள். படத்தில் வந்த கூலித் தொழிலாளியின் பெயர் என்ன? பதில் சட்டென்று வந்தால், கொடுத்த டிக்கெட் காசு வீண்போகவில்லை.